ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்

துப்பாக்கிக் குழலுக்குள் வெடிமருந்து எரியும்போது வாயுவின் வெப்பம் இரண்டாயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. காரீயமோ 327.5 டிகிரியிலேயே உருகிவிடும். கணக்குப்படி பார்த்தால், ஈயத்தால் வார்த்த குண்டு குழலின் வாயை எட்டுவதற்குள் உருகி ஒழுகியிருக்க வேண்டும். ஆனால் பல நூற்றாண்டுகளாக ஈயக்குண்டுகள் உருக்குலையாமல்தான் வெளியே வருகின்றன.

காரணம் நேரம். ஒரு குண்டு குழலைக் கடக்க ஆகும் காலம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அதற்குள் வெப்பம் ஈயத்தின் மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்க வழியில்லை. ஆபத்து வேறொரு இடத்தில் இருக்கிறது. குண்டுக்கும் குழலின் சுவருக்கும் இடையில் ஒரு மெல்லிய சந்து இருந்துவிட்டால், அழுத்தம் ஏறிய வாயு அதன் வழியே பீறிடும். அந்தத் தாரை ஈயத்தை அறுத்து, உருக்கி, குழலின் உட்சுவரில் பூசிவிடும். பூச்சு படிந்த குழலில் அடுத்த குண்டு இன்னும் மோசமாகக் கிழிபடும். ஈயத்தைத் தோற்கடிப்பது வெப்பத்தைவிட அந்தச் சந்துதான்.

இந்த ஒரு வரியைக் கண்டடைய அமெரிக்கப் பொழுதுபோக்குத் துப்பாக்கிக்காரர்களுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. அங்கே இலக்குச் சுடுதலுக்கான குண்டுகளைத் தாங்களே வார்ப்பது நெடுங்காலப் பழக்கம், சட்டம் அனுமதிக்கும் பழக்கம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால் நம் வாசகர்களுக்கு இது செய்துபார்க்கும் விஷயம் இல்லை. தெரிந்துகொள்ளும் விஷயம். அதிலும் உலோகவியல் பாடப்புத்தகத்தின் பாதி அத்தியாயங்களை, வார்ப்பிரும்புச் சட்டியையும் பழைய கரண்டியையும் வைத்துக்கொண்டு கார் நிறுத்தும் கொட்டகையில் படித்துத் தேர்ந்தவர்களின் கதை இது.

அவர்களில் முன்னோடி ஒரு மருத்துவர். பிராங்க்ளின் வெஸ்டன் மேன், மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர், 1856-இல் பிறந்தவர். கோழித்தீவனத்துக்குப் பச்சை எலும்பை நறுக்கும் எந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதில் நல்ல வருமானம் பார்த்தார். அந்தப் பணத்தை ஒரே கேள்வியில் கொட்டினார்: ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே கை, அப்படியும் குண்டுகள் ஏன் ஒரே துளையில் விழுவதில்லை? சுடுபவரின் கைநடுக்கத்தைக் கணக்கிலிருந்து நீக்க, கான்கிரீட் தூண் ஒன்றை எழுப்பி அதில் குழலைப் படுக்கவைத்தார். வழியெங்கும் காகிதத் திரைகளை நட்டு, ஒவ்வொரு துளையையும் பார்த்துக் குண்டு எங்கே சாய்ந்தது, எங்கே நிமிர்ந்தது என்று குறித்தார். 1909-இல் வெளியான அவருடைய நூல் இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

மேன் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்த சோதனை. சிலவற்றின் மூக்கைச் சிதைத்தார். சிலவற்றின் அடிப்பக்க விளிம்பைச் சிதைத்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு போவது மூக்குதானே, அது கெட்டால்தான் குறி தவறும் என்று யாருக்கும் தோன்றும். நடந்தது நேர்மாறு. மூக்கு சிதைந்த குண்டுகள் பெரிதாக விலகவில்லை. அடி சிதைந்தவை எங்கெங்கோ போய் விழுந்தன. குண்டு குழலின் வாயை விட்டு வெளியேறும் கணத்தில் அடிவிளிம்பின் எந்தப் பக்கம் முதலில் திறக்கிறதோ அந்தப் பக்கமாக வாயு பாய்ந்து குண்டைச் சாய்த்துவிடுகிறது. அதனால்தான் இன்றும் அனுபவமுள்ள வார்ப்பாளர் புதிதாக வார்த்த குண்டை எடுத்ததும் தலைகீழாகத் திருப்பி அடியைத்தான் முதலில் பார்க்கிறார்.

அந்த அடியைக் காக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சின்னச் செம்புக் குப்பி வந்தது. கேஸ் செக் என்று பெயர். குண்டின் பின்புறத்தில் தொப்பியாகக் கவிழ்ந்து, வாயுத் தாரை ஈயத்தைத் தொடாமல் தடுக்கும். இன்று பலர் அதைக் கடையில் வாங்குவதில்லை. கூரை வேலைக்கான மெல்லிய செம்புத் தகட்டிலிருந்தும் குளிர்பான டப்பாக்களின் அலுமினியத்திலிருந்தும் தாங்களே வெட்டி அழுத்திக்கொள்கிறார்கள்.

இனி உலோகத்துக்கு வருவோம். காரீயம் ஏன் இவ்வளவு மென்மை? தனிச்சுழியிலிருந்து எண்ணும் வெப்பநிலைக் கணக்கில் ஈயம் உருகுவது சுமார் 600 கெல்வினில். நம் அறையின் வெப்பம் 300 கெல்வின். அதாவது மேசைமேல் சும்மா கிடக்கும் ஈயம், உருகும் நிலைக்குப் பாதி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டது. இரும்பை அதே அளவுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அறுநூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்ச வேண்டும். இதனால் ஈயத்துக்கு ஒரு விசித்திர குணம் வாய்த்தது. இரும்பையும் செம்பையும் தட்டத்தட்ட அவை இறுகும். ஈயத்தைத் தட்டினால் அதன் படிகங்கள் அறை வெப்பத்திலேயே மறுபடி உருவெடுத்துப் பழைய மென்மைக்குத் திரும்பிவிடும். ஐரோப்பியத் தேவாலயங்களின் ஈயக் கூரைகள் தம் எடையாலேயே நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வழிந்து இறங்குவதும் இதனால்தான்.

இதைக் கடினமாக்கத் தெரிந்தவர்கள் அச்சுக்கூடத்தார். ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்தால் மூன்று நன்மைகள் ஒன்றாகக் கிடைக்கும்: உலோகம் கடினமாகும், குளிரும்போது சுருங்குவது குறையும், அச்சின் நுணுக்கமான மூலைகள் வரை பாய்ந்து நிரம்பும். ஓட்மார் மெர்கந்தாலரின் லைனோடைப் எந்திரம் 1886-இல் நியூயார்க் டிரிப்யூன் அலுவலகத்தில் ஓடத் தொடங்கியபோது, அதற்கென்றே ஒரு கலவை நிலைபெற்றது. நூறு பங்கில் நான்கு வெள்ளீயம், பதினொன்று அல்லது பன்னிரண்டு ஆன்டிமனி, மீதி ஈயம். தனியாக ஆன்டிமனி உருக 630 டிகிரி வேண்டும்; வெள்ளீயத்துக்கு 232. மூன்றும் இந்த விகிதத்தில் கூடினால் ஏறக்குறைய 240 டிகிரியிலேயே உருகிவிடும். அதைவிட வியப்பு, உறையும்போது இழுத்தடிக்காது. மற்றக் கலவைகள் உறைவதற்குமுன் சிறிது நேரம் களி பதத்தில் நிற்கும். இது திரவமாக இருந்தது அடுத்த கணமே திடமாகிவிடும். ஒரு வரியை வார்த்துவிட்டு உடனே அடுத்த வரிக்கு ஓட வேண்டிய எந்திரத்துக்கு வேறென்ன வேண்டும்?

கிடைத்த ஈயத்தை எடுத்து வார்க்கும் வழக்கத்துக்கு நம் கரையிலும் புகழ்பெற்ற சாட்சி உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. சிறிய எழுத்துகளைப் பொறையாற்றிலேயே வார்த்தார்கள். அதற்கு, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கியதாக அச்சு வரலாறு பதிவு செய்கிறது. அங்கிருந்த ஜெர்மானிய மறைபரப்பாளர் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது.

எழுத்து வார்த்த உலோகம் குண்டு வார்ப்பவர்களிடம் வந்து சேர்ந்தது பின்னால் நடந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் சூடான ஈயத்தால் கோத்த கடைசி இதழ் 1978 ஜூலை 2-ஆம் தேதியிட்டது. அந்த ஆண்டுகளில் அமெரிக்கா முழுதும் அச்சகங்கள் ஈயத்தைக் கைவிட்டன. டன் கணக்கில் லைனோடைப் உலோகம் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தது. குண்டு வார்ப்பவர்கள் அள்ளிக்கொண்டார்கள். அது தீர்ந்தபோது கார்ச் சக்கரங்களைச் சமன்செய்யப் பொருத்தும் ஈய எடைகள் கைகொடுத்தன. பின்னர் சுற்றுச்சூழல் காரணங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியமும், 2010 முதல் கலிபோர்னியாவும் அவற்றை விலக்கின. இப்போது குப்பைத் தொட்டியில் கிடைக்கும் சக்கர எடைகளில் பாதி துத்தநாகமாகவோ எஃகாகவோ இருக்கும். துத்தநாகம் ஈயக் கலவையில் கலந்தால் அது அச்சில் சரியாக நிரம்பாது. துத்தநாகம் 419 டிகிரி வரை உருகாது, ஈயத்தைவிட லேசானதும்கூட. எனவே வெப்பமானியில் கண் வைத்து உலையை அதற்குக் கீழே நிறுத்தினால், ஈயம் உருகிக் கீழே நிற்கும், துத்தநாகம் மேலே மிதக்கும்.

கையில் இருக்கும் கலவை எவ்வளவு கடினம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஸ்வீடன் பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல் 1900-இல் உலகுக்குக் காட்டிய முறை இருக்கிறது. குறிப்பிட்ட விசையோடு ஓர் எஃகு உருண்டையை உலோகத்தில் அழுத்தி, விழும் குழியை அளப்பது. தூய ஈயத்தின் பிரினெல் எண் சுமார் 5; பழைய சக்கர எடைகள் 12-ஐ ஒட்டி; லைனோடைப் 22. ஆனால் விசையைத் துல்லியமாகத் தரும் எந்திரம் வீட்டில் ஏது? இங்கேதான் ஒரு பொழுதுபோக்குக்காரரின் மூளை வேலை செய்திருக்கிறது. தூய ஈயத்துண்டு ஒன்று, சோதிக்க வேண்டிய துண்டு ஒன்று, நடுவில் ஒரு பால்ரஸ் குண்டு. மூன்றையும் பட்டறை வைஸில் வைத்து இறுக்குகிறார்கள். விசை எவ்வளவு என்று தெரியவேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் இரு பக்கமும் அது ஒன்றுதான். இரண்டு குழிகளின் விட்டத்தையும் அளந்து, அந்த விகிதத்தை இருமடிக்கு உயர்த்தினால் கடினங்களின் விகிதம் வந்துவிடும். ஈயத்தில் விழுந்த குழியின் பாதி விட்டம்தான் மற்றதில் என்றால் அது நான்கு மடங்கு கடினம், அதாவது பிரினெல் 20. நியூட்டனின் மூன்றாம் விதியை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தும் கருவியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதைவிட எளியது ஓவியர்களின் பென்சில் பெட்டி. 6பி முதல் 6எச் வரை வரிசையாகத் தள்ளிப்பார்த்து, எந்தப் பென்சில் முதலில் உலோகத்தைச் சுரண்டுகிறது என்று பார்ப்பது. பெயின்ட் தொழிற்சாலைகளில் பூச்சின் உறுதியைச் சோதிப்பதும் இதே முறையில்தான்.

கலவையை மாற்றாமலே கடினத்தைக் கூட்டவும் வழி உண்டு. ஆன்டிமனியும் துளி ஆர்செனிக்கும் கலந்த ஈயக் குண்டை அச்சிலிருந்து சூட்டோடு தண்ணீரில் விழவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ஈயம் மூன்றரை விழுக்காடு வரை ஆன்டிமனியைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறியபின் அரை விழுக்காட்டைக்கூடத் தாங்காது. மெல்ல ஆறினால் மிச்சம் பெரிய துகள்களாகப் பிரிந்து போய்விடும். சட்டென்று குளிர்வித்தால் அதற்கு நேரமில்லை. அகப்பட்டுக்கொண்ட ஆன்டிமனி அடுத்த சில நாட்களில் மிக நுண்ணிய துகள்களாக ஈயத்துக்குள்ளேயே படிந்து, படிகங்கள் நழுவ விடாமல் பூட்டுகிறது. கடினம் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறும். விமானங்களின் அலுமினியக் கலவைகளுக்கு வலிமை தருவதும் இதே வகைப் படிவுதான். ஆனால் இப்படிக் கடினமான குண்டை அளவுக் கருவிக்குள் தள்ளி மெலிதாக்கினால், பிழிபட்ட மேல்தோல் மறுபடி மென்மையாகிவிடும். ஈயம் தன் பிறவிக்குணத்தை விடாது.

இத்தனை பாடுபட்டுக் கடினமாக்கிய குண்டுகள் பல நேரங்களில் மென்மையான குண்டுகளைவிட மோசமாகக் குழலில் ஈயம் பூசின. வார்ப்பாளர்களை நெடுங்காலம் குழப்பிய விஷயம் இது. விடை நாம் முதலில் பார்த்த சந்தில் இருக்கிறது. மென்மையான குண்டு வாயு அழுத்தத்தில் சற்றே பருத்துக் குழலை அடைத்துக்கொள்ளும். கடினமான குண்டு பருக்காது. அது தொடக்கத்திலேயே மெலிதாக இருந்துவிட்டால் வாயுவுக்குக் கதவு திறந்தாயிற்று. எனவே குண்டு, குழலின் உட்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்களின் விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலமாவது, அதாவது 0.025 மில்லிமீட்டராவது தடித்திருக்க வேண்டும். கடினம் இரண்டாம் இடம்தான். விற்பனைக்கு வரும் குண்டுகளில் கடினத்தையே பெருமையாக அச்சிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. அளவைச் சொல்லாமல் கடினத்தை மட்டும் சொல்வதால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை.

குழலின் உள்ளளவை எப்படி எடுப்பது? மென்மையான ஈயத்துண்டு ஒன்றைக் குழலின் வழியே தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள். அச்சு சிறிதாக இருந்தால் அதன் இரு பாதிகளுக்கும் இடையில் வெப்பம் தாங்கும் அலுமினிய நாடாவை ஒட்டி விட்டத்தைக் கூட்டுகிறார்கள். அல்லது அந்த அச்சிலேயே வார்த்த குண்டில் உரைதூளைப் பூசி, அச்சுக்குள்ளேயே சுழற்றித் தேய்க்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் மூத்தது காகிதம். பருத்திக் கந்தலில் செய்த மெல்லிய தாளை ஈரப்படுத்திக் குண்டின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினால், காயும்போது சுருங்கி இறுகப் பற்றிக்கொள்ளும். ஈயம் குழலைத் தொடுவதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நெடுந்தூரப் போட்டிகளில் இந்தக் காகிதம் சுற்றிய மென்குண்டுகள் கோலோச்சின.

அச்சுக்குள் நடப்பதும் பார்க்கத் தகுந்தது. ஊற்றும் ஈயம் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினால்தான் மூலைகள் நிரம்பும். அதற்காக அச்சின் முகத்தில் மயிரிழைக் கோடுகளைக் கீறியிருப்பார்கள். காற்று அவற்றின் வழியே போய்விடும், உலோகம் போகாது. உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைவிட ஆறு மடங்கு அதிகம். அவ்வளவு குறுகிய கோட்டுக்குள் அதனால் வளைந்து நுழைய முடியாது. அச்சு குளிர்ந்திருந்தால் குண்டு சுருக்கம் விழுந்து வரும், மிகச் சூடாக இருந்தால் மேற்பரப்பு வெண்சாம்பலாக மங்கிப்போகும். உலையின் மேலே சேரும் கசடில் வெள்ளீயமும் ஆக்சைடாக அகப்பட்டிருக்கும் என்பதால் அதை அப்படியே வழித்தெறிவதில்லை. மெழுகோ மரத்தூளோ போட்டுக் கிளறினால், எரியும் கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, அதில் ஒரு பகுதி மீண்டும் உலோகமாகிச் சட்டிக்குள் இறங்கும்.

குண்டுக்கு எண்ணெய்ப்பசையும் வேண்டும். 1857-இல் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவில் தடவிய கொழுப்பு எந்த விலங்கினுடையது என்ற கேள்வி இந்தியாவில் என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் பொருளைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று பிறகு உத்தரவு வந்தபோது காலம் கடந்திருந்தது. அமெரிக்கக் கொட்டகைகளில் நெடுங்காலம் ஆண்டது தேன்மெழுகு. இப்போது பலர் மெழுகை விட்டுப் பாலியஸ்டர் பவுடருக்கு மாறிவிட்டார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் குண்டுகளையும் பவுடரையும் பொம்மைத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மணிகளையும் போட்டுக் குலுக்குவார்கள். உராய்வில் பிறக்கும் நிலைமின்னேற்றம் பவுடரை ஈயத்தோடு ஒட்டவைக்கும். பிறகு சிறு மின்னடுப்பில் இருநூறு டிகிரியில் சுட்டால் கண்ணாடிப் பூச்சு. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மின்னேற்றம் கசிந்துவிடுவதால் பவுடர் சரியாகப் பிடிக்காது.

ஈயம் நஞ்சு. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். ஈயம் கொதிக்க 1749 டிகிரி வேண்டும் என்பதால் வார்க்கும் வெப்பத்தில் ஆவி மிகக் குறைவு. அதை நம்பிப் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். வழித்தெடுத்த கசடின் தூசி விரலில் ஏறி, உணவில் ஏறி, உடுப்போடு வீட்டுக்குள் வந்து தரையில் தவழும் குழந்தையின் வாய்க்குப் போகிறது. உடல் ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. அங்கே அது பத்தாண்டுக் கணக்கில் தங்கும். குழந்தைகளின் மூளைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. எனவே ஈயம் தொட்ட சட்டியும் கரண்டியும் அடுப்பும் சமையலறைக்குத் திரும்பவே கூடாது. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் அகப்பட்டாலும் போதும். அது நீராவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும்போது சட்டியிலிருக்கும் உலோகம் முகத்தில் தெறிக்கும்.

கேடு கொட்டகையோடு நிற்பதில்லை. வேட்டையில் விழுந்த விலங்கின் உடலில் சிதறிய ஈயத்துகள்களைத் தின்று கலிபோர்னியக் காண்டர் கழுகுகள் செத்தன. ஒரு கட்டத்தில் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போய், கூண்டில் வளர்த்து மீண்டும் பறக்கவிடப்பட்ட இனம் அது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயரவையை அமெரிக்கா 1991 முதல் தடை செய்தது. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தை விலக்கியது. எனக்கு இதில் இரண்டாம் கருத்தே இல்லை: வேட்டைக்கு ஈயம் போக வேண்டியதுதான்.

அதனால் வீட்டு வார்ப்பாளர்களில் சிலர் பிஸ்மத் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். 271 டிகிரியில் உருகும், ஈயத்தின் அளவுக்கு நஞ்சில்லை, அடர்த்தி 9.8. ஈயத்தின் 11.3-ஐவிடக் குறைவு என்பதால் அதே அச்சில் குண்டு லேசாக வரும். நொறுங்கும் குணமும் உண்டு. வெள்ளீயம் சேர்த்து அதைத் தணிக்கப் பார்க்கிறார்கள். விலையும் கூடுதல். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, பிஸ்மத் உறையும்போது தண்ணீரைப்போல விரிகிறது, மூன்று விழுக்காட்டுக்கும் சற்று மேல். சுருங்கும் ஈயத்துக்காகக் கடைந்த அச்சுகளிலிருந்து குண்டு தடித்து வருகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கை அவர்கள் முதலிலிருந்து போடவேண்டியிருக்கிறது.